அடிப்படை உரிமைத் தீர்ப்புகளைக் கையில் எடுக்கும் புது வக்கீல்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சட்ட மாணவர்களின் மூட் கோர்ட் (மாதிரி நீதிமன்றப்) போட்டிக்கு நடுவராகப் போனாலும் சரி, ஜூனியர்கள் எழுதிய ரிட் மனுவைத் திருத்த உட்கார்ந்தாலும் சரி, அதே பத்துப் பன்னிரண்டு தீர்ப்புகள்தான் வந்து நிற்கும். அதில் தப்பில்லை, அவை நிற்க வேண்டிய தீர்ப்புகள்தான். ஆண்டை மாற்றிச் சொல்வது, கோலக்நாத் வழக்கையும் கேசவானந்த பாரதி வழக்கையும் குழப்பிக்கொள்வது எல்லாம் போகப் போகத் தானே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கடைசிப் பக்கத்தைப் படிக்காமல் விடுவது

குடிசைகளை அகற்றும் வழக்கு என்றால், பம்பாய் நடைபாதைவாசிகளுக்கான ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பு வராமல் இருக்காது. "பிழைப்புக்கான உரிமை (உயிர்வாழும் உரிமையைத் தரும் அரசியல் சாசனத்தின்) 21-ஆவது பிரிவில் அடங்கும், ஆகவே வெளியேற்ற முடியாது" என்று எழுதியிருப்பார்கள். முதல் பாதி சரி. அந்த 'ஆகவே'தான் வழக்கைக் கவிழ்க்கிறது.

1981 ஜூலையில், நல்ல மழைக்காலத்தில், பம்பாய் நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்திச் சொந்த ஊருக்கே அனுப்பப்போவதாக முதல்வர் அந்துலே அறிவித்தார். மனுதாரர்களில் ஒருவர், வறட்சியில் வேலை இல்லாமல் சேலத்திலிருந்து போன நிலமற்ற கூலித் தொழிலாளி. அவருடைய குடிசையை இடித்து, குடும்பத்தோடு சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். மனைவியையும் பெண்களையும் ஊரில் விட்டுவிட்டு, வேலை தேடி அவர் மறுபடி பம்பாய் நடைபாதைக்கே வந்தார். இது தீர்ப்பின் தொடக்கத்திலேயே இருக்கிறது. அதைக்கூடப் படிக்காமல் மேற்கோள் காட்டுகிறவர்கள் உண்டு.

1985 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் உள்ளிட்ட ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். பிழைப்பு இல்லாமல் உயிர்வாழ்வு ஏது என்றார்கள். நடைபாதையில் தங்களுக்கு உரிமை இல்லை என்று மனுதாரர்கள் உயர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டிருந்தாலும் அது அவர்களைக் கட்டுப்படுத்தாது, அடிப்படை உரிமையை யாரும் விட்டுக்கொடுக்க முடியாது என்றார்கள். இதுவரை எல்லாருக்கும் தெரியும். அப்புறம்?

நடைபாதையை ஆக்கிரமிக்க யாருக்கும் உரிமை இல்லை. நோட்டீஸ் இல்லாமலே அகற்ற அதிகாரம் தரும் மாநகராட்சிச் சட்டப் பிரிவு செல்லும். சாதாரணமாக நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்கத்தான் வேண்டும்; ஆனால் இந்த மனுதாரர்கள் சொல்ல வேண்டியதையெல்லாம் நாங்களே கேட்டுவிட்டோம், இனித் தனி விசாரணை தேவையில்லை என்று முடித்துவிட்டார்கள். கையில் கிடைத்தது அக்டோபர் 31 வரை அவகாசம். 1976 கணக்கெடுப்பில் பதிவானவர்களுக்கு மாற்று இடம் உண்டு, ஆனால் அதைக் கொடுத்த பிறகுதான் அகற்ற வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது.

கண்மாய்ப் புறம்போக்கு வழக்கு ஒன்றில் ஒரு ஜூனியர் இந்தத் தீர்ப்பை உருக்கமாக வாசித்தார். அரசு வழக்கறிஞர் எழுந்து, அதே தீர்ப்பின் கடைசிப் பத்திகளை மட்டும் வாசித்துவிட்டு உட்கார்ந்தார். வேறு வாதமே அவருக்குத் தேவைப்படவில்லை. எத்தனை வருடமாகக் குடியிருக்கிறார்கள் என்பதற்கு ரேஷன் கார்டோ மின் கட்டண ரசீதோ மனுவில் சேர்க்கவில்லை. மாற்று இடம் வேண்டும் என்ற கோரிக்கையே இல்லை. ஓல்கா டெல்லிஸ் உருப்படியாகக் கைகொடுப்பது நோட்டீஸ், அவகாசம், மாற்று இடம் ஆகிய இந்த மூன்றில்தான். இடிபடப்போவது வக்கீல் வீடு இல்லை. இந்தத் தவறு எனக்கு இன்னும் எரிச்சலூட்டுவது அதனால்தான்.

மேனகா காந்தி வழக்கும் (1978) இப்படித்தான். 21-ஆவது பிரிவையே புரட்டிப் போட்ட தீர்ப்பு அது. ஆனால் பாஸ்போர்ட் முடக்கத்தை ரத்து செய்து உத்தரவு போடவில்லை. அவருடைய விளக்கத்தைக் கேட்பதாக அரசு தந்த உறுதியை ஏற்றுக்கொண்டு முடித்துவிட்டது. எந்தத் தீர்ப்பை எடுத்தாலும், சொன்ன கோட்பாடு எது, கொடுத்த நிவாரணம் எது என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

தீர்ப்புக்குப் பின் வந்த திருத்தத்தை மறப்பது

கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பங்கிட்ட சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை ரத்து செய்த சம்பகம் துரைராஜன் தீர்ப்பு 1951-இல் வந்தது. அதே ஆண்டில் முதல் அரசியல் சாசனத் திருத்தம், பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அனுமதிக்கும் 15(4)-ஐக் கொண்டுவந்தது. பத்திரிகைத் தடையை ரத்து செய்த ரொமேஷ் தாப்பர் (1950) தீர்ப்பின்போது, பேச்சுரிமைக்கான கட்டுப்பாடுகளைச் சொல்லும் 19(2)-இல் 'பொது ஒழுங்கு' இல்லை; அது உள்ளே நுழைந்ததும் அதே திருத்தத்தில்தான். தீர்ப்பை மட்டும் நீட்டினால் பாதிக் கதைதான் சொல்கிறீர்கள்.

பெஞ்சில் எத்தனை பேர் என்று பார்க்காதது

அந்தரங்க உரிமைக்கு இன்னமும் ஆட்டோ சங்கர் சுயசரிதை வழக்கை (ராஜகோபால், 1994) மட்டும் காட்டுகிறார்கள். நல்ல தீர்ப்புதான், ஆனால் இரண்டு நீதிபதிகள் அமர்வு. அந்தரங்கத்துக்கு எதிராக எம்.பி. சர்மா (1954) எட்டு நீதிபதிகள் தீர்ப்பு; பெரிய அமர்வின் தீர்ப்புதான் எடுபடும். ஆதார் வழக்கில் மத்திய அரசு பிடித்துக்கொண்டதே இதைத்தான். அதனால்தான் ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து, அந்தரங்கம் அடிப்படை உரிமைதான் என்று 2017-இல் புட்டசாமி தீர்ப்பைத் தர வேண்டியிருந்தது. அது இருக்கும்போது முதலில் அதை வையுங்கள்.

மாறுபட்ட தீர்ப்பைப் பெரும்பான்மைத் தீர்ப்பாகக் காட்டுவது

போலீஸ் கண்காணிப்பை எதிர்த்த கரக் சிங் வழக்கில் (1962) நீங்கள் ரசித்து வாசிக்கும் வரிகள் பெரும்பாலும் சுப்பா ராவுடையவை. அவர் சிறுபான்மை.

66ஏ

இணையப் பதிவுகளுக்காக வழக்குப் போட உதவிய, 2015-இல் ஷ்ரேயா சிங்கால் தீர்ப்போடு செத்துப்போன தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவு. அதற்குப் பிறகும் அதில் வழக்குகள் பதிவாகியிருக்கின்றன. எஃப்.ஐ.ஆரில் கண்டால் ஜாமீனோடு நிறுத்தாமல், அந்தப் பிரிவின் கீழான வழக்கை ரத்து செய்யக் கேட்டு மனுப் போடுங்கள்.