கணையப் புற்றுநோய்: இலக்கு மருந்தைத் தவறவிடும் இடங்கள்

பரவிவிட்ட கணையப் புற்றுநோய்க்கு இளம் மருத்துவர்கள் எழுதும் சிகிச்சைக் குறிப்புகளைப் பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. பயிற்சிக் காலத்தில் நாங்கள் செய்த பிழைகளே அவற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன. மருந்தளவைத் தப்பாகக் கணக்கிடுவது, ரத்த அணுக்களைப் பார்க்காமல் கீமோ ஏற்றுவது ஆகியவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றைப் பிடிக்க மருந்தாளுநரும் செவிலியரும் இருக்கிறார்கள். யார் கண்ணிலும் படாமல் நழுவுகிறவை வேறு: புற்றுச் செல்லின் குறிப்பிட்ட பழுதைக் குறிவைக்கும் இலக்கு மருந்துகளைச் சுற்றி நடப்பவை.

மரபணுச் சோதனையைக் கடைசிக்குத் தள்ளுவது

இன்றும் எனக்குக் கோபம் வருவது இதைப் பார்க்கும்போதுதான். "முதலில் கீமோ கொடுப்போம், கேட்காவிட்டால் சோதனைக்கு அனுப்புவோம்" என்று எழுதிவிடுகிறார்கள்.

ஒலபாரிப் மாத்திரையைப் பாருங்கள். பி.ஆர்.சி.ஏ. 1, 2 மரபணுக்கள் முறிந்த டி.என்.ஏ.வைச் செப்பனிட உதவுபவை. அவை செயலிழந்த புற்றுச் செல், பார்ப் என்ற இன்னொரு புரதத்தை நம்பிப் பிழைக்கிறது. ஒலபாரிப் அந்தப் புரதத்தை முடக்குகிறது. 2019இல் வெளியான போலோ ஆய்வில், நோய் முன்னேறாமல் இருந்த இடைநிலைக் காலம் (பாதிப் பேருக்கு இதைவிடக் கூடுதலாக இருந்த அளவு) மாத்திரை எடுத்தவர்களுக்கு 7.4 மாதம், எடுக்காதவர்களுக்கு 3.8 மாதம். மொத்த ஆயுள் கூடியதாக அந்த ஆய்வு காட்டவில்லை. குடும்பத்தாரிடம் அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் அந்த ஆய்வில் யாரைச் சேர்த்தார்கள்? பிறவியிலேயே இந்த மரபணுப் பழுது உள்ளவர்களை. அவர்களிலும் பிளாட்டினம் வகை கீமோவைக் குறைந்தது 16 வாரம் பெற்று, நோய் கட்டுக்குள் இருந்தவர்களை மட்டுமே. கீமோ தோற்ற பிறகு சோதனை முடிவு கையில் வந்து என்ன பயன்? பழுது முன்பே தெரிந்திருந்தால் ஆக்சாலிபிளாட்டின் என்ற பிளாட்டினம் மருந்து சேர்ந்த ஃபோல்ஃபிரினாக்ஸ் கூட்டு கீமோவையோ, ஜெம்சிடாபின் என்ற கீமோவுடன் இன்னொரு பிளாட்டினமான சிஸ்பிளாட்டினையோ தொடக்கத்திலேயே தேர்ந்திருக்கலாம்.

தையல் வேலை செய்த ஓர் அம்மா வேறொரு மருத்துவமனையிலிருந்து வந்தார். பிளாட்டினம் இல்லாத கீமோ தோற்றுப்போயிருந்தது. "குடும்பத்தில் புற்றுநோய் இல்லை" என்றது கோப்பு. மகளிடம் பாட்டி, பெரியம்மா, சித்தி என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். "சித்திக்கு மார்பை எடுத்தார்கள், டாக்டர். பாட்டிக்குச் சினைப்பையில் கட்டி. அங்கே கணையத்தைப் பற்றித்தானே கேட்டார்கள்?" என்றார். ரத்தச் சோதனையில் பி.ஆர்.சி.ஏ. 2 பழுது தெரிந்தது. அதற்குள் கல்லீரல் முழுவதும் நோய். அந்த அம்மாவுக்கு எதையும் விழுங்க முடியவில்லை. மகளுக்கும் அதே பழுது இருக்கிறது. இப்போது ஆண்டுதோறும் அவருக்கு மார்பை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கிறோம். சோதனையே நடக்காதிருந்தால் அவர் எதுவும் அறியாமல் இருந்திருப்பார்.

குடும்பத்தில் யாருக்கும் இல்லையென்றாலும் ரத்தத்தை அனுப்புங்கள். கணையச் சுரப்பிப் புற்று உறுதியான ஒவ்வொருவருக்கும் இந்தச் சோதனை வேண்டும் என்கிறது அமெரிக்கப் புற்றுநோய் மையங்களின் கூட்டமைப்பான என்.சி.சி.என். வழிகாட்டுதல். பயாப்ஸி முடிவு வந்த அன்றே அனுப்புங்கள். பதில் வரச் சில வாரம் ஆகலாம். அதற்காக, அவசரமாகத் தேவைப்படும் கீமோவை நிறுத்திவைக்க வேண்டாம்.

ரத்தம் போதும் என்று நினைப்பது

ரத்தம் பிறவிப் பழுதைச் சொல்லும். கட்டியில் பின்னால் வந்த பழுதைக் கட்டியின் திசுதான் சொல்லும். இரண்டும் வேண்டும்.

பயாப்ஸித் துணுக்கைத் தீர்த்துவிடுவது

கணையக் கட்டியில் பெரும்பகுதி நார்த்திசு. ஊசியில் வரும் துணுக்கில் புற்றுச் செல்கள் கொஞ்சம்தான் இருக்கும். அதையும் சாயமேற்றும் சோதனைகளில் செலவழித்துவிட்டால் மரபணு ஆய்வுக்கு ஒன்றும் மிஞ்சாது. நோயியல் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். கோரிக்கைத் தாளில் ஒரு வரி எழுதினால்கூடப் போதும்.

கே-ராஸ் என்று கண்டதும் சோட்டோராசிப் எழுதுவது

கணையச் சுரப்பிப் புற்றுகளில் ஏறத்தாழ 90 சதவீதத்தில் கே-ராஸ் என்ற மரபணு மாறியிருக்கும். சோட்டோராசிப் என்ற இலக்கு மருந்து வேலை செய்வது ஜி12சி என்ற வகை மாற்றத்தில் மட்டும். அது நூற்றில் ஒருவர், இருவருக்கே இருக்கும். அந்த வகை உள்ளவர்களுக்கு இந்த மருந்தைக் கொடுத்து, 2023இல் வெளியான ஆய்வில்கூட 38 பேரில் 21 சதவீதத்தினருக்கே கட்டி கணிசமாகச் சுருங்கியது. அதிகம் காணப்படுவது ஜி12டி. ஆகவே அறிக்கையில் கே-ராஸ் என்ற சொல்லோடு நிற்காமல் பின்னால் வரும் எழுத்தையும் எண்ணையும் படியுங்கள். டராக்சன்ராசிப் போன்ற, பல ராஸ் வகைகளைக் குறிவைக்கும் மருந்துகளின் ஆய்வில் நோயாளிக்கு இடம் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள்.

கே-ராஸ் மாறவே இல்லையா? அப்போதுதான் கூடுதலாகத் தேட வேண்டும். என்.ஆர்.ஜி.1, என்.டி.ஆர்.கே. மரபணுக்கள் வேறொரு மரபணுவோடு ஒட்டிக்கொண்ட இணைவுகள் இருந்தால் அவற்றுக்கென மருந்துகள் உண்டு.

எர்லோடினிப்

ஜெம்சிடாபினுடன் இந்த இலக்கு மாத்திரையைச் சேர்த்துப் பார்த்த 2007 ஆய்வில் இடைநிலை ஆயுள் 5.91 மாதத்திலிருந்து 6.24 மாதம் ஆனது. அதற்காக முகமெல்லாம் கொப்புளம் வரவைக்காதீர்கள்.

சாப்பாட்டை மறப்பது

எந்த மருந்தையும் தாங்க உடம்பில் தெம்பு வேண்டும். எண்ணெய் மிதக்கும் மலம் போகிறவருக்குக் கணைய நொதி மாத்திரை எழுதுங்கள். வெறும் வயிற்றில் போடாமல், சாப்பாட்டின் முதல் கவளத்தோடு எடுக்கச் சொல்லுங்கள்.