குழாயைத் தொட்டால் ஷாக்: உரிமம் உள்ள எலக்ட்ரீசியனைத் தேடிய கதை

வாட்டர் ஹீட்டரைப் போட்டாலே ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துகொண்டிருந்தது. கைக்குக் கிடைத்த ஒருவரைக் கூப்பிட்டேன். ஐந்தே நிமிடத்தில் சரிசெய்துவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்துக் குளியலறைக் குழாயைத் தொட்டால் சுரீர் என்றது. வீட்டில் குழந்தைகள் வேறு. பதறிப்போய் மெயினையே அணைத்தேன்.

அடுத்தவரைத் தேடும்போது அவசரப்படவில்லை. சமீபத்தில் ஒயரிங் வேலை செய்த பக்கத்து வீட்டில் விசாரித்தேன். அவர்கள் சொன்ன எலக்ட்ரீசியனிடம் போனிலேயே உரிம எண் கேட்டேன், தயங்காமல் சொன்னார். உரிமம் வழங்கும் அலுவலகத்தில் சரிபார்த்தேன். காலாவதியாகவில்லை, பெயரும் பொருந்தியது. அப்புறம்தான் வரச்சொன்னேன்.

வந்தவர் முதலில் எடுத்தது ஸ்க்ரூடிரைவர் அல்ல, மீட்டர். அங்கேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. சாக்கெட்டைத் திறந்தால் எர்த் ஒயர் கழற்றி மடித்து வைக்கப்பட்டிருந்தது! ஹீட்டர் காயிலில் கசிவு. அந்தக் கசிவு எர்த் வழியாகப் போனதால்தான் ஆர்சிசிபி விழுந்திருக்கிறது. முதலில் வந்தவர் கோளாறைத் தேடாமல் எர்த்தைத் துண்டித்ததால், கசிந்த மின்சாரம் போக வழியில்லாமல் ஹீட்டர் உடலிலும் குழாயிலும் ஏறிவிட்டது. நினைத்தால் இன்னும் நடுங்குகிறது.

500 வோல்ட் மெக்கரில் (மின்காப்பை அளக்கும் கருவி) காயில் 1 மெகாஓமுக்கு வெகு கீழே காட்டியது, அதாவது அதன் மின்காப்பு கெட்டுவிட்டது. காயிலை மாற்றி, எர்த்தை இணைத்து, 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி சரியாக விழுகிறதா என்றும் சோதித்தார். அளவுகளை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அந்தத் தாளை மெயின் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.