கோபாலபுரம் காற்றுக்கு எந்த புரொப்பல்லர்?

பொள்ளாச்சி தாண்டி, கேரள எல்லை கோபாலபுரம் பக்கம் அறுவடை முடிந்த கடலைக்காடுதான் எங்கள் மாதிரி விமானங்களுக்கு ஓடுதளம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முகத்தில் அறையும்.

புரொப்பல்லரில் 10×6 என்றால் விட்டம் 10 அங்குலம். பிட்ச் 6, அதாவது ஒரு சுற்றுக்கு ஏட்டுக்கணக்கில் 6 அங்குலம் முன்னேறும். 40 சைஸ் (0.40 கன அங்குல) குளோ எஞ்சின், அதாவது மெத்தனால் கலந்த எரிபொருளில் ஓடும் சின்ன எஞ்சின், பூட்டிய டிரெய்னருக்கு (பழகும் விமானத்துக்கு) இது போதும். இடம் குறுகலா? 11×5 போடுங்கள், இழுவை கூடும், இறங்கும்போது வேகம் அடங்கும். எதிர்காற்றில் முட்டிப் போக 10×7.

மின்மோட்டாரில் இஷ்டத்துக்குப் பெரிதாக்காதீர்கள், ஆம்பியர் எகிறும். 9 அங்குலம் போதும் என்ற மோட்டாருக்கு 11 மாட்டி ஒரு ஈஎஸ்சி-யை (மோட்டார் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை) புகையவிட்டவன் நான். வாட்மீட்டர் வாங்கியது அதற்கப்புறம்தான்!

மாட்டும் முன் பேலன்ஸ் பாருங்கள். ஒரு இதழ் கீழே சாய்ந்தால் அதன் முதுகை உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள், நடுக்குமிழைத் தொடவேண்டாம்.

ஸ்பின்னர், அதாவது புரொப்பல்லர் நடுவை மூடும் மூக்குக் கூம்பு, அழகுக்குத்தான் என்பார்கள். ஆனால் இதழ் வெளியே வர அதில் விட்ட வெட்டு இதழில் உரசினால், இதழின் அடியில் கீறல் விழும். சுற்றிலும் ஒரு மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். கையால் மெல்லச் சுற்றுங்கள். மூக்கு நுனி வட்டமடித்தால் ஸ்பின்னரின் பின்தட்டு சரியாக உட்காரவில்லை, கழற்றி மறுபடி மாட்டுங்கள். கீறல் விழுந்த புரொப்பல்லரை ஒட்டாதீர்கள். நான் அதைக் கையோடு இரண்டாக உடைத்துவிடுவேன், இல்லையென்றால் மருமகன் எடுத்து மாட்டிவிடுவான்.