கால்நடை ஆய்வுக்கு எந்தத் தகவலை நம்பலாம்? டைக்ளோபினாக்கை வைத்துப் பழகுவோம்

கால்நடை மருத்துவப் படிப்பில் முதல் செமினார் தலைப்பு கிடைத்ததும் பலரும் அதை அப்படியே கூகுளில் தட்டி, முதலில் வரும் நாலைந்து பக்கங்களைத் திறப்பார்கள். அதோடு நின்றுவிட்டால், யாரோ யாரையோ பார்த்து எழுதியதை நாமும் எழுதி, நம்மைப் பார்த்து இன்னொருவர் எழுதி, கடைசியில் அது ஏதோ ஒரு தொழுவத்தில் மாட்டுக்குப் போடும் ஊசியில் போய் நிற்கும். ஆகவே, மாடுகளுக்குப் போடும் டைக்ளோபினாக் என்ற வலி மருந்து பாறு கழுகுகளுக்கு ஆபத்தா என்ற ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு அதற்கு நம்பகமான ஆதாரத்தை எப்படித் தேடிப் பிடிப்பது என்று பார்ப்போம். மோயாறு பள்ளத்தாக்கில் இன்னும் பாறு கழுகுகள் இருப்பதால் இது நமக்கும் நெருக்கமான கேள்விதான்.

படி 1: கேள்வியைக் குறுக்குங்கள்

"வலி மருந்துகளும் வனவிலங்குகளும்" என்பது வெறும் தலைப்பு. எந்த விலங்கு, எந்த மருந்து, எதோடு ஒப்பிட்டு, என்ன விளைவு என்ற நான்கும் இருந்தால்தான் அது தேடக்கூடிய கேள்வி. நம்முடைய கேள்வி இது: டைக்ளோபினாக் ஊசி போட்ட மாடு இறந்து, அதைத் தின்னும் பாறு கழுகுக்கு, மெலாக்சிகாம் என்ற இன்னொரு வலி மருந்து போட்ட மாட்டைத் தின்பதைவிட ஆபத்து அதிகமா?

படி 2: தேடும் இடம்

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் தரவுத்தளமான பப்மெட் இலவசம், அங்கேயே தொடங்கலாம். ஆனால் டைக்ளோபினாக் என்று மட்டும் போட்டால் மனிதர்களுக்கான மூட்டுவலி ஆய்வுகள்தான் வந்து குவியும். மருந்தின் பெயரோடு வல்ச்சர் என்ற பொதுப்பெயரையும் ஜிப்ஸ் என்ற பேரினப் பெயரையும் ஆங்கிலத்தில் சேர்த்துத் தேடுங்கள். கால்நடை இதழ்கள் எல்லாமே பப்மெட்டில் கிடையாது. ஒன்பது தரவுத்தளங்களை ஒப்பிட்டு 2012இல் வந்த ஓர் ஆய்வில், கால்நடை இதழ்களை அதிகமாக உள்ளடக்கியது கேப் அப்ஸ்ட்ராக்ட்ஸ்தான் என்று தெரிந்தது. அது கட்டணச் சேவை, கல்லூரி நூலகத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். முழுக் கட்டுரை திறக்காவிட்டால் வேளாண், கால்நடைப் பல்கலைக்கழகங்களுக்கான மின்னிதழ்ச் சேவையான செரா வழியாக முயலலாம். ஆய்வேடுகளுக்குக் கிரிஷிகோஷ், சோத்கங்கா இரண்டும் உண்டு.

கூகுள் ஸ்காலர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வரும், குப்பையையும் சேர்த்து. ஆனால் ஒரு கட்டுரையை அதன்பின் யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க அதுதான் வசதி.

படி 3: மூலத்துக்குப் போங்கள்

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தப் படிதான், இதில் நேரம் போனால் போகட்டும். பாறு கழுகுகள் ஏன் அழிகின்றன என்று 2003இல் வெளிவந்த ஒரு கட்டுரை, அது தொற்றுநோயாக இருக்குமோ என்று தலைப்பிலேயே கேள்விக்குறி போட்டுக் கேட்டது. அடுத்த வருடமே, 2004இல், பாகிஸ்தானில் செய்த ஆய்வு நேச்சர் இதழில் வந்து படத்தையே மாற்றிவிட்டது. அதில் சிறுநீரகம் செயலிழந்து இறந்த 25 கழுகுகளில் அத்தனையிலும் டைக்ளோபினாக் இருந்தது, வேறு காரணங்களால் இறந்த 13 கழுகுகளில் ஒன்றில்கூட இல்லை. அதோடு விடாமல், மருந்து கொடுத்த கால்நடைகளின் இறைச்சியைக் கழுகுகளுக்குத் தின்னக் கொடுத்து, அதே பாதிப்பு வருவதையும் காட்டினார்கள். இறந்த பறவையில் மருந்து இருந்தது என்பது ஒரு தடயம்தான், அந்த மருந்தே அதே சிறுநீரகச் சிதைவை உண்டாக்குகிறது என்று சோதனையில் காட்டியதுதான் சான்று. நீங்கள் படிக்கும் எந்தக் கட்டுரையிலும் இந்த இரண்டில் எது இருக்கிறது என்று பாருங்கள்.

2003 கட்டுரையை மட்டும் படித்தவர் இன்றைக்கும் வைரஸ் என்றுதான் எழுதுவார். அந்தக் கட்டுரையாளர்கள் அன்றைக்குக் கையில் இருந்ததை வைத்து நேர்மையாகத்தான் கேட்டார்கள், ஆகவே அது மோசமான கட்டுரை இல்லை. தேதியைப் பார்க்காமல் எடுத்தாள்வதுதான் மோசம்.

படி 4: எந்த விலங்கில் பார்த்தார்கள்?

சுருக்கத்தோடு நிறுத்தாமல் செய்முறைப் பகுதியைப் படியுங்கள். எத்தனை விலங்குகள், ஒப்பிட மருந்து கொடுக்காத குழு இருந்ததா, ஆய்வுக்குப் பணம் கொடுத்தது யார்? மெலாக்சிகாம் பாதுகாப்பானது என்று காட்டிய 2006 ஆய்வு பிளாஸ் பயாலஜியில் எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி இருக்கிறது. ஆசியக் கழுகுகள் ஏற்கனவே அருகிப் போயிருந்ததால், முதலில் ஆப்பிரிக்க வெண்முதுகுக் கழுகுகளில் பார்த்துவிட்டு, அப்புறம்தான் ஆசிய இனங்களுக்கு வந்தார்கள். இந்த மாதிரி படிப்படியாகப் போயிருந்தால் நம்பிக்கை கூடும். ஒரு விலங்குக்கு ஒத்துக்கொண்டது இன்னொன்றைக் கொல்லலாம். நாம் சாதாரணமாகப் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமால் பூனைக்கு விஷம்.

படி 5: இதழும் நிலவரமும்

பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்கள் கால்நடைத் துறையிலும் இருக்கின்றன. நாலே நாளில் மதிப்பீடு முடித்துத் தருகிறோம் என்ற விளம்பரம், முகவரியே இல்லாத ஆசிரியர் குழு, இதழ் பெயருக்குச் சம்பந்தமே இல்லாத பாடங்களில் கட்டுரைகள், இவற்றில் ஒன்று தென்பட்டாலும் உஷாராகிவிடுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, தரமான இதழ்கள் என்று தொகுத்த தன் கேர் பட்டியலை 2025இல் கைவிட்டுவிட்டதால், பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிற வசதியும் இப்போது இல்லை. யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ் என்றால், அத்தகைய இதழ்களைத் தொகுக்கும் டோஆஜ் பட்டியலில் பாருங்கள். கட்டுரை பின்னால் திரும்பப் பெறப்பட்டதா என்பதையும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் ஒருமுறை தேடிவிடுங்கள், இரண்டு நிமிட வேலைதான்.

சட்டம், தடை, நோய் நிலவரம் போன்றவற்றுக்கு ஆய்வுக் கட்டுரையை நம்பாமல் நேராக அரசிதழுக்கும், உலக விலங்குச் சுகாதார அமைப்பின் (WOAH) தளத்துக்கும் போங்கள். இந்தியாவில் கால்நடைகளுக்கான டைக்ளோபினாக் 2006இல் தடை செய்யப்பட்டது, அதே வகை வலி மருந்துகளான அசிக்ளோபினாக்கும் கீட்டோபுரோபெனும் 2023இல்தான். 2022இல் எழுதிய ஒரு நல்ல கட்டுரையில்கூட இந்த இரண்டும் தடையில்லாத மருந்துகளாகத்தான் இருக்கும். அதனால் அரசிதழ் அறிவிப்பின் எண்ணையும் நீங்கள் அதைப் பார்த்த தேதியையும் குறிப்பில் சேர்த்தே எழுதி வையுங்கள், வாய்மொழித் தேர்வான வைவாவில் கேட்டால் அதுதான் உங்கள் பதில்.