செட்டு ஆட்களின் செய்தியைத் திரட்டுவது எப்படி?

கல்லூரியில் கூடப் படித்த செட்டு ஆட்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று ஒரு தொகுப்பு எழுத வேண்டுமா? முதலில் பழைய வருகைப் பட்டியலைத் தேடிப்பிடித்து, எல்லாப் பெயரையும் ஒரு கூகுள் ஷீட்டில் ஏற்றுங்கள். வாட்ஸ்அப் குரூப்பை மட்டும் நம்பினால், அதிலிருந்து சத்தமில்லாமல் வெளியேறியவர்கள் விட்டுப்போவார்கள்.

கூகுள் ஃபார்மில் ஐந்து கேள்வி போதும்: பெயர், இப்போது இருக்கும் ஊர், செய்யும் வேலை அல்லது படிப்பு, சொல்ல விரும்பும் ஒரு சேதி, அதை எல்லோருக்கும் சொல்லலாமா. கடைசிக் கேள்வியைக் கட்டாயமாக்குங்கள். கல்யாணம், சம்பளம் பற்றித் தனிக் கேள்வி வேண்டவே வேண்டாம். வேலை தேடிக்கொண்டிருப்பவரும் மணமுறிவைக் கடந்தவரும் அந்த இடத்தில்தான் ஃபார்மை மூடிவிடுவார்கள். சொல்ல நினைப்பவர் தானாகவே சொல்வார்.

படத்தை ஃபார்மில் கேட்காதீர்கள்; கோப்பு ஏற்றும் கேள்வி இருந்தால் கூகுள் கணக்கில் நுழைந்தால்தான் நிரப்ப முடியும், பாதிப்பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள். வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொன்னால் தெளிவு குறையாது.

குரூப்பில் போடும் பொது அழைப்புக்குப் பதில் வருவது அபூர்வம். விடுதி அறை, லேப் பேட்ச், பஸ் ரூட் என்று பிரித்து, ஒருவருக்கு எட்டுப் பத்துப் பேர் வீதம் பொறுப்புக் கொடுங்கள். “டேய், உன்னுது மட்டும்தான் பாக்கி” என்ற தனிச்செய்திக்கு மறுநாளே பதில் வரும். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்ட் உதவாது: உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவருக்கே அது போகும்.

தொகுப்பை எழுதும்போது பெயர்களுக்கு அகரவரிசை. பதவி வரிசை வைத்தால் மனக்கசப்புதான். ஒருவருக்கு மூன்று வரி. பிறர் வாயிலாக வந்த சேதியை, குறிப்பாக இறப்பு, நோய் பற்றியதை, குடும்பத்தாரிடம் கேட்காமல் சேர்க்காதீர்கள்.