ஆய்வகத்துச் செய்முறையை நம் ஊர் ஆலைக்குக் கொண்டுவருவது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி சிறுதொழில் முனைவோருக்கு ஒரு வழிகாட்டி

வாக்குச்சாவடியில் நம் இடக்கை விரலில் வைக்கும் அழியாத மைக்குப் பின்னால் மூன்று கைகள் இருக்கின்றன. மையின் செய்முறையைக் கண்டறிந்தது டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அதைத் தயாரித்துப் புட்டிகளில் அடைத்து 1962 பொதுத்தேர்தல் முதல் வழங்கிவருவது மைசூரிலுள்ள அரசு வண்ணப்பூச்சு நிறுவனம். இவ்விரண்டுக்கும் நடுவே நின்று, செய்முறைக்கான உரிமத்தை எழுதிக் கொடுத்தது தேசிய ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகம். அரசு ஆய்வகங்களில் பிறக்கும் கண்டுபிடிப்புகள் அலமாரியிலேயே தங்கிவிடாமல் தொழிற்சாலைகளைச் சென்றடைய வேண்டும் என்பதற்காக 1953ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. அந்த நடுக்கையைப் பற்றியும், சாமை, மா, புளி, தக்காளி, பட்டு ஆகியவற்றை வைத்துத் தொழில் செய்யும் நம் இரு மாவட்டத்தார் அதை எப்படிப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன்.

பென்னாகரம் பக்கத்தில் ஓர் உழவர் குழுவோடு சேர்ந்து சாமை அரைத்து விற்றுவருகிறோம். இந்த வழியில் ஒருமுறை தடுக்கி விழுந்து எழுந்த அனுபவம் எங்களுக்கு உண்டு. அதையும் உரிய இடத்தில் சொல்கிறேன்.

எந்த அலுவலகத்துக்குப் போவதற்கும் முன்னால், உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை ஒரே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். "சாமைக்கு நல்ல தொழில்நுட்பம் வேண்டும்" என்று போய் நின்றால், அங்கிருப்பவர் ஒரு விளக்கப் புத்தகத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார். அவரைக் குறைசொல்ல முடியாது. அவரிடம் இருப்பது நூற்றுக்கணக்கான செய்முறைகளின் பட்டியல், நம்மிடம் இருப்பது ஒற்றைச் சிக்கல். ஆகவே, நூறு கிலோ சாமை போட்டால் இப்போது எத்தனை கிலோ அரிசி வருகிறது, எத்தனை கிலோ நொய்யாகிறது, உமி நீங்காமல் எவ்வளவு தங்குகிறது, ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை ஓட்டுகிறீர்கள், மின்இணைப்பு ஒருமுனையா மும்முனையா, வேலைக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பவற்றை எண்களாக எழுதுங்கள். மாங்கூழ் ஆலைக்காரர் என்றால் பருவத்தில் எத்தனை டன் தோலும் கொட்டையும் மிஞ்சுகின்றன, அவற்றை அகற்ற என்ன செலவாகிறது என்று எழுதலாம். இந்த ஒரு பக்கம் இருந்தால், சரியான விஞ்ஞானி யார் என்பதை எதிரே இருப்பவரே தேடிச் சொல்லிவிடுவார்.

அடுத்த கேள்வி, யாரிடம் போவது என்பது. பக்கத்திலிருந்து தொடங்குவதே நல்லது. தருமபுரிக்காரர்களுக்குப் பாப்பாரப்பட்டியிலும், கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு எலுமிச்சங்கிரியிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் உள்ளன. காவேரிப்பட்டணத்தை அடுத்த பையூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நம் மானாவாரி நிலங்களுக்கென்றே சாமையிலும் கொள்ளிலும் பையூர் 2 என்ற பெயரில் இரகங்கள் வந்தது அங்கிருந்துதான். இவ்விடங்களில் தொழில்நுட்ப உரிமம் எழுதித் தரமாட்டார்கள். ஆனால் எந்தச் செய்முறை எங்கே இருக்கிறது, அதை வாங்கியவர் யார், அவர் நன்றாக நடத்துகிறாரா என்பதை இவர்களைப் போல் அறிந்தவர்கள் குறைவு.

உரிமம் தருவோர் இரு வகையினர். முதல் வகையினர் ஆய்வு நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும் தொழில்நுட்பப் பரிமாற்றப் பிரிவினர். உணவு பதப்படுத்துதலுக்கு மைசூரில் 1950ஆம் ஆண்டு முதல் இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமும், தஞ்சாவூரிலுள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும், வேளாண் கருவிகளுக்கும் இடுபொருள்களுக்கும் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும், மா, தக்காளி ஆகியவற்றுக்குப் பெங்களூரை ஒட்டிய ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனமும் நமக்கு எட்டும் தொலைவில் இருக்கின்றன. எருமைப் பாலிலிருந்து குழந்தை உணவு தயாரிக்கும் முறையை மைசூர் நிறுவனம் கண்டறிய, குஜராத்திலுள்ள ஆனந்தின் பால் கூட்டுறவு ஒன்றியம் (அமுல்) அதைத் தொழிலாக்கியது பலரும் அறிந்த செய்தி. பட்டைப் பொறுத்தவரை ஓரிடத்தில் குழப்பம் நேர்வதுண்டு: ஓசூரில் இருக்கும் மத்தியப் பட்டு வாரிய மையம் மரபு வளங்களைக் காப்பதற்கானது; நூற்பு இயந்திரம் பற்றிக் கேட்க வேண்டியவர்கள், பெங்களூரிலுள்ள மத்தியப் பட்டுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்துக்குத்தான் போக வேண்டும்.

இரண்டாம் வகை, பல ஆய்வகங்களின் சார்பில் பேசும் நடுவர் நிறுவனங்கள். மேலே சொன்ன தேசிய ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகம் ஒன்று. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கண்டுபிடிப்புகளுக்காக 2011இல் அமைக்கப்பட்ட அக்ரினோவேட் இந்தியா மற்றொன்று. உங்களுக்கு வேண்டிய செய்முறை எந்த ஆய்வகத்துடையது என்பது தெரிந்திருந்தால் அங்கே நேரே கேட்பதுதான் விரைவு. தெரியாதபோதும், இரண்டு மூன்று ஆய்வகங்களின் உரிமைகள் ஒரே பொருளில் பின்னிக் கிடக்கும்போதும் நடுவர் நிறுவனம் உதவும்.

கண்டுபிடிப்பு உங்களுடையதாகவே இருந்தால் வழி வேறு. முதலில் வாயைக் கட்டுங்கள். கண்காட்சியில் வைத்து, காணொளி எடுத்துப் போட்ட பிறகு காப்புரிமைக்குப் போனால், புதுமை போய்விட்டது என்று விண்ணப்பம் தள்ளப்படலாம். முதலில் தற்காலிக விண்ணப்பம் ஒன்றைப் பதிந்துவிட்டால், முழு விவரத்தைத் தர 12 மாத அவகாசம் கிடைக்கிறது. படிப்பறிவு குறைந்த உழவரும் பட்டறைக்காரரும் கண்டறிந்தவற்றுக்கு உதவவே 2000ஆம் ஆண்டில் தேசியப் புத்தாக்க அறக்கட்டளை உருவாக்கப்பட்டது. அதை அணுகத் தயங்க வேண்டியதில்லை.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தில் சாமை உமி நீக்கும் முறையைச் செய்துகாட்டினார்கள். கொட்டிய சாமை ஒரே அளவாகவும் நன்றாகக் காய்ந்தும் இருந்தது. அரிசி உமி ஒட்டாமல் விழுந்தது. பார்த்த கையோடு பணம் கட்டினோம். எங்கள் கொட்டகையில் முதல் மூட்டையைப் போட்டபோதுதான் விவரம் புரிந்தது. எங்களுக்கு வரும் சாமை மலைக்காட்டில் விளைந்து, தார்ச்சாலையில் பரப்பி வண்டிச் சக்கரங்கள் ஏறி உதிர்ந்த சாமை. அதில் தானியத்தின் அளவிலேயே கருங்கல் துணுக்குகள் உண்டு; மழைக்கு நடுவே அறுத்ததென்றால் ஈரமும் உண்டு. முறத்தில் புடைத்தாலும் அந்தக் கல் பிரியாது, ஏனென்றால் அது தானியத்தோடு சேர்ந்தே குதிக்கிறது. ஈரச் சாமையில் உமி நீங்காமல் அப்படியே வெளியே வந்தது, காய்ந்து போன சாமை நொய்யானது, கல் இடித்து இயந்திரத்தின் உள்தகடு சில வாரங்களில் தேய்ந்தது. இயந்திரத்தில் பழுது எதுவும் இல்லை. அதற்கு முன்னே இருக்க வேண்டிய கல் நீக்கியும், சலிப்பானும், உலர்களமும் எங்களிடம் இல்லை. அவை வேண்டுமென்று கேட்டறியும் புத்தியும் அன்று இல்லை.

ஆகவே, இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் மனத்தில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் சரக்கை நீங்களே எடுத்துப் போய், உங்கள் கண்முன்னே ஓட்டிப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். பெரும்பாலான உணவு ஆய்வு நிறுவனங்களில் சிறிய அளவிலான மாதிரி ஆலை இருக்கிறது. கட்டணம் கட்டினால் நம் பொருளை அதில் ஓட்ட விடுவார்கள். நல்ல சரக்காகப் பொறுக்கிக் கொண்டு போகாமல், வழக்கமாக வருவதில் சுமாரானதையே இரண்டு மூட்டை கட்டிக்கொண்டு போங்கள். ஓட்டத்தின் தொடக்கத்திலும், நடுவிலும், கடைசியிலும் வெளிவருவதில் 100 கிராம் வீதம் தனித்தனி உறைகளில் எடுங்கள். வீட்டுக்கு வந்து, ஒரு கறுப்புத் துணியை விரித்து, ஒவ்வோர் உறையையும் தனியாகக் கொட்டி, முழு அரிசி, நொய், உமி நீங்காதது, கல் என்று நான்காகப் பிரியுங்கள். சாமை அரிசி வெளுப்பாகவும் உமியோடு இருப்பது பழுப்பாகவும் தெரிவதால் கறுப்புத் துணியில் கண்ணுக்குத் தப்பாது. பொன் எடை போடும் சிறு தராசு ஒன்று போதும். இந்த நான்கு எடைகளையும் உங்கள் ஒரு பக்கக் குறிப்பிலுள்ள எண்களோடு ஒப்பிட்டால், கட்டும் பணம் எத்தனை பருவத்தில் திரும்பும் என்பது கணக்காகவே தெரிந்துவிடும். மாங்கூழுக்கும் புளிக்கும் பிரிக்கும் வகை மாறுமே தவிர முறை ஒன்றுதான்.

அங்கேயே இன்னொன்றையும் கேளுங்கள். இந்தச் செய்முறை இதுவரை அதிகபட்சம் ஒரு நேரத்தில் எத்தனை கிலோவுக்குச் செய்து பார்க்கப்பட்டது? ஐந்து கிலோ பாத்திரத்தில் சரியாக வரும் கூழ், 500 கிலோ கொப்பரையில் ஓரத்தில் கருகியும் நடுவில் வேகாமலும் போகலாம். பெரிய பாத்திரத்தில் சூடு உள்ளே செல்லும் வேகம் வேறு. அந்த இடைவெளியை நிரப்பும் செலவு யாருடையது என்பது ஒப்பந்தத்தில் வராவிட்டால், அது உங்களுடையதாகிவிடும்.

ஒப்பந்தம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். தெரிந்த வழக்கறிஞர் ஒருவரை உட்காரவைத்துத் தமிழில் வரிவரியாகச் சொல்லச் சொல்லுங்கள். முதலில் பார்க்க வேண்டியது, உரிமம் உங்களுக்கு மட்டுமா, பலருக்குமா என்பது. அரசு நிறுவனங்கள் பெரும்பாலும் பலருக்கும் கொடுக்கும். ஹெசரகட்டா நிறுவனத்தின் மாம்பழச் சிறப்பு நுண்ணூட்டக் கலவை அப்படிப் பலருக்கு வழங்கப்பட்டதுதான்; நம் பெங்களூரா, அல்போன்சா தோப்புகளில் தெளிப்பவர்கள் அறிவார்கள். இதை இழப்பாகக் கருதத் தேவையில்லை, கட்டணம் குறைவாக இருப்பதற்குக் காரணமே அதுதான். ஆனால் பக்கத்து ஊர்க்காரரும் அதையே வாங்கக்கூடும் என்று தெரிந்து விலைக் கணக்குப் போட வேண்டும்.

பிறகு பணம். ஒப்பந்தம் போடும்போது கட்டும் ஒருமுறைக் கட்டணம், அதன்மேல் ஜி.எஸ்.டி., விற்பனையில் ஒரு விழுக்காடாக ஆண்டுதோறும் செலுத்தும் ராயல்டி என மூன்றும் இருக்கலாம். ராயல்டி எந்த விற்பனைத் தொகைமீது கணக்கிடப்படும் என்பதை எழுத்தில் கேளுங்கள். வரியும் வண்டி வாடகையும் கழித்த தொகையா, கழிக்காததா என்பதில் கையில் நிற்கும் பணம் மாறும். செய்முறைக்குக் காப்புரிமை இருப்பதாகச் சொன்னால் எண்ணைக் கேட்டு வாங்கி, காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள், செலவில்லை. இந்தியக் காப்புரிமை விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். 18ஆம் ஆண்டில் இருப்பதற்குப் பத்தாண்டு ராயல்டி எழுதித் தரலாகாது. காப்புரிமைச் சட்டத்தின் 68ஆம் பிரிவுப்படி உரிமம் எழுத்து வடிவில் இருந்தால்தான் செல்லும் என்பதால், "கொடுக்கிறோம், தொடங்குங்கள்" என்ற வாய்மொழியை நம்பிக் கொட்டகைக்குத் தகரம் போடாதீர்கள். செய்முறையில் நீங்கள் ஏதேனும் மேம்பாடு செய்தால் அது யாருக்குச் சொந்தம் என்ற வரியையும் தேடுங்கள். நம் பட்டறைக்காரர்கள் எதையும் திருத்தாமல் விடமாட்டார்கள் என்பதால் இது நமக்கு முக்கியம்.

கடன், மானியம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உள்நாட்டுத் தொழில்நுட்பத்தைப் பெரிய அளவில் தொழிலாக்குவோருக்கு, தொழில்நுட்ப மேம்பாட்டு வாரியம் திட்டச் செலவில் பாதி வரை ஆண்டுக்கு 5 விழுக்காடு தனிவட்டியில் கடன் தருகிறது. ஆனால் சிறு குழுவுக்கு அது பெரிய வாசல். நம் அளவுக்கு, 2020இல் தொடங்கிய பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்கள் திட்டம் பொருந்தும்: தகுதியான செலவில் 35 விழுக்காடு, தனி நிறுவனத்துக்கு அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை கடனோடு இணைந்த மானியம். திட்டம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வங்கிக்குத் தரும் திட்ட அறிக்கையில் இயந்திர விலையோடு தொழில்நுட்பக் கட்டணத்தையும், பயிற்சிச் செலவையும் தனி வரிகளாகச் சேர்த்து, அவை கடனுக்குள் வருமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். மானியம் கிடைக்கிறது என்பதற்காக நம் சரக்குக்குப் பொருந்தாத இயந்திரத்தை எடுத்துப் பூட்டி வைத்திருக்கும் கொட்டகைகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பார்க்கவே மனம் வலிக்கிறது.

கடைசியாக, நாள்காட்டி. செய்முறையை ஒப்படைத்துப் பயிற்சி தருவதற்கு ஒப்பந்தத்தில் ஒரு கால எல்லை இருக்கும். ஆகஸ்டில் கையெழுத்திட்டு ஆறு மாதத்துக்குள் பயிற்சி என்று எழுதினால், மாங்கூழ்காரர் பிப்ரவரி வரை எந்தப் பழத்தை வைத்துக் கற்றுக்கொள்வார்? நமக்கு வரத்து மே முதல் ஜூலை வரைதான். ஆகவே கால எல்லையைத் தேதியில் எழுதாமல், "முதல் வரத்துப் பருவம் முடியும்வரை" என்று எழுதிக் கேளுங்கள். நிபுணர் ஒருவர் உங்கள் ஆலைக்கே வந்து, குறைந்தது இரண்டு நாள் உங்கள் ஆட்களோடு நின்று ஓட்டிக் காட்ட வேண்டும் என்பதையும், அவருடைய பயணச் செலவு யாருடையது என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். எங்கள் இரண்டாவது ஒப்பந்தத்தில் இதைக் கேட்டபோது மறுக்கவில்லை. சாமை வரத்து தொடங்கிய வாரத்தில் ஒருவர் வந்தார், மூட்டையைப் பிரித்து ஒரு கைப்பிடி எடுத்து, ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு நாள் வெயில் காட்டுங்கள்" என்றார். மறுநாள் மாலை அதே சாமை, அதே இயந்திரத்தில், உமி நீங்கி விழுந்தது.