தட்டத் தயங்காதீர்கள்: ஜியு-ஜிட்சு வகுப்பில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

1951 அக்டோபரில் ரியோ டி ஜெனீரோவின் மரக்கானா அரங்கில் பிரேசிலிய ஜியு-ஜிட்சு வீரர் ஹெலியோ கிரேசியும் ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுராவும் மோதினார்கள். ஒரு கட்டத்தில் கிமுரா, ஹெலியோவின் கையை மடக்கி முதுகுப் பக்கமாக முறுக்கிப் பூட்டினார். தோல்வியை ஒப்புக்கொள்ளும் அடையாளமாகக் கையால் தட்ட வேண்டும்; ஹெலியோ தட்டவில்லை. எலும்பு முறியும் சத்தம் கேட்டதாகக் கிமுரா பிறகு எழுதினார், அப்போதும் தட்டவில்லை. வெளியே நின்ற அண்ணன் கார்லோஸ் துண்டை வீசித்தான் ஆட்டத்தை நிறுத்த வேண்டியிருந்தது. அந்தப் பூட்டுக்கு இன்றும் கிமுரா என்றுதான் பெயர்.

தரையில் உருண்டு பிடித்துப் பூட்டும் தற்காப்புக் கலையான ஜியு-ஜிட்சு படிக்கத் தொடங்கும் எல்லோர் காதுக்கும் இந்தக் கதை சீக்கிரமே வந்துவிடும். கேட்டால் உடம்பு சிலிர்க்கும். ஆனால் அது பெருங்கூட்டத்தின் முன் நடந்த போட்டி. நீங்கள் போகப்போவது சாதாரண வார நாளில் நடக்கும் ஒரு வகுப்புக்கு. அங்கே தட்டாமல் தாக்குப்பிடித்தவருக்குக் கோப்பை எதுவும் கிடைக்காது. முழங்கையில் கட்டோடு ஓரமாக உட்கார்ந்து மற்றவர்கள் பயிற்சி செய்வதைப் பார்க்க வேண்டிவரும். புதியவர்கள் செய்யும் தவறுகளில் மிகவும் ஆபத்தானது எது என்று என்னைக் கேட்டால், தாமதமாகத் தட்டுவதைத்தான் முதலில் சொல்வேன்.

தட்டுவது என்றால் 'போதும், விடு' என்று சொல்வது. எதிரில் இருப்பவரின் உடம்பில், அவருக்கு நன்றாக உறைக்கும்படி இரண்டு மூன்று முறை தட்ட வேண்டும். கை இரண்டும் சிக்கிக்கொண்டால் 'டேப்' என்று வாய்விட்டுச் சொல்லலாம், காலால் மேட்டில் (தரையில் விரித்த பயிற்சி மெத்தையில்) தட்டலாம். பத்துப் பதினைந்து பேர் உருண்டுகொண்டிருக்கும் அறையில் விரல் நுனியால் மேட்டை மெல்லத் தொட்டால் யாருக்கும் கேட்காது. அதனால் மேட்டை விட அவர் உடம்பில் தட்டுவதே நல்லது. வாயாலும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது.

'வலிக்கும்போது தட்டிக்கொள்ளலாம்' என்று நினைப்பவர்கள் நிறைய. கையை நீட்டி முழங்கையைப் பூட்டும் ஆர்ம்பாரில் முழங்கை நீளும்போது வலி ஓரளவு முன்கூட்டியே எச்சரிக்கும். எல்லாப் பிடிகளும் அப்படி இல்லை. ஹீல் ஹூக்கில் குதிகாலைப் பிடித்துத் திருப்புகிறார்கள். திருகல் போய்ச் சேருவது முழங்காலுக்கு. வலி தெரிவதற்குள் தசைநார் கிழிந்துவிடக்கூடும். சர்வதேச ஜியு-ஜிட்சு கூட்டமைப்பான ஐபிஜேஜேஎஃப் தன் போட்டிகளில் அந்தப் பிடியை கி என்ற தடித்த பயிற்சி அங்கி அணிந்து ஆடும் யாருக்கும் அனுமதிப்பதில்லை. கி இல்லாத பிரிவில் 2021-இல் அனுமதித்தபோதும் பழுப்பு, கறுப்பு பெல்ட் வாங்கிய பெரியவர்களுக்கு மட்டுமே கொடுத்தது (பெல்ட் வரிசை: வெள்ளை, நீலம், பர்ப்பிள், பழுப்பு, கறுப்பு). புதியவரான வெள்ளை பெல்ட்காரர், வகுப்பில் யாராவது தன் குதிகாலைச் சுற்றிக் கையைக் கோத்துவிட்டார் என்று உணர்ந்தால், அடுத்து என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அந்த நொடியே தட்டிவிட வேண்டும். புரண்டு தப்பிக்கப் பார்ப்பதும் தப்பு. தவறான பக்கம் புரண்டால் நம் முழங்காலை நாமே முறுக்கிக்கொள்கிறோம்.

கழுத்துப் பிடிகளின் கதை வேறு. நன்றாக விழுந்த ஒரு பிடி மூச்சுக்குழாயை நசுக்குவதில்லை. கழுத்தின் இரு பக்கமும் ஓடும் தமனிகளை அழுத்தி மூளைக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது. மூச்சு வந்துகொண்டுதான் இருக்கும், பெரிய வலியும் இருக்காது. 'இன்னும் தாங்கலாம்' என்று தோன்றும். பத்து விநாடிக்குள் நினைவு தப்பிவிடலாம். காது அடைப்பது போலவோ பார்வை ஓரத்தில் மங்குவது போலவோ இருந்தால் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்று அர்த்தம்.

இதே தவறு மறுபக்கத்திலும் நடக்கிறது. அதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. முதல் முறையாக ஒருவரின் கை நமக்குச் சிக்கியதும் வரும் பதற்றத்தில், எங்கே நழுவிவிடுமோ என்று வெடுக்கென்று இழுத்துவிடுகிறோம். அவர் தட்டுவதற்கு நேரமே கொடுப்பதில்லை. பிடியைச் சரியாக அமைப்பதுதான் திறமை. கடைசி இழுப்பு மெதுவாக, அவர் உணரும்படி வர வேண்டும். பிடி நன்றாக விழுந்தது தெரிந்தும் அவர் தட்டவில்லையா? விட்டுவிடுங்கள். வகுப்பில் கையை முறித்து எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. அவர் தட்டியது போலத் தோன்றினாலும் விட்டுவிடுங்கள், சந்தேகமாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். தன் கழுத்தையும் முழங்காலையும் நம் கையில் கொடுத்துவிட்டுத்தான் அவர் நமக்குக் கற்றுக்கொடுக்கிறார். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் இந்தக் கலையை யாரும் யாரோடும் முழு வேகத்தில் பழக முடியாது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டுவது

முதல் ரோலிங்கில், அதாவது இருவர் மோதிப் பழகும் சுற்றில், கிட்டத்தட்ட எல்லோரும் இதைச் செய்கிறார்கள். பல்லைக் கடித்து, எதிராளியின் கி-யை இரண்டு கையாலும் இறுக்கி, மூச்சே விடாமல் தள்ளுகிறார்கள். ஒன்றரை நிமிடத்தில் முன்கை மரத்துப்போகிறது, விரலை மடக்க முடிவதில்லை, மீதிச் சுற்று முழுக்கக் கீழே கிடந்து தவிக்கிறார்கள். பிறகு 'எனக்கு ஸ்டாமினா போதவில்லை' என்று ஓடப் போகிறார்கள். ஓடுவது நல்லதுதான், ஆனால் குறை அங்கே இல்லை. எதிரில் இருக்கும் பர்ப்பிள் பெல்ட்காரருக்கு நாற்பது வயதாகியிருக்கும், ஆனாலும் அவர் வியர்க்காமல் உட்கார்ந்திருப்பார். அவர் மூச்சு விடுகிறார், தேவையில்லாத பிடியை விட்டுவிடுகிறார், அவ்வளவுதான்.

இந்தக் கலை பிறந்த வழியையும் இங்கே நினைத்துப்பார்க்கலாம். கோடோகான் ஜூடோவில் தேர்ந்த மிட்சுயோ மாயேதா 1914-இல் பிரேசிலுக்குப் போனார். அவர் வழியாகக் கார்லோஸ் கிரேசிக்கும், பிறகு தம்பி ஹெலியோவுக்கும் வித்தை வந்தது. ஒல்லியான உடம்புக்காரரான ஹெலியோ, பலத்தை விட நெம்புகோலையும் நேரத்தையும் நம்பும் முறைகளில் உழைத்தார். பலத்தை வைத்து ஒரு பிடியிலிருந்து நழுவிவிட்டால் அன்றைக்குத் தப்பித்தோம் என்பது உண்மை. ஆனால் எப்படித் தப்பிப்பது என்பதைக் கற்கும் வாய்ப்பு போய்விடுகிறது. நம்மை விடப் பலசாலி வரும் நாளில் கையில் ஒன்றும் இருக்காது.

பதற்றத்தில் செய்யும் இரண்டு காரியங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒருவர் மார்பின்மேல் ஏறி மவுண்டில் உட்கார்ந்ததும், அவரைத் தூக்கி எறிய இரண்டு கைகளையும் நீட்டித் தள்ளுவது ஒன்று. நீட்டிய கை ஆர்ம்பாருக்குக் கொடுத்த கைதான். முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். தள்ள வேண்டுமென்றால் முன்கையைக் குறுக்கே வைத்து இடைவெளி உண்டாக்கி, இடுப்பை அசைத்து வெளியே வாருங்கள். வார்ம்-அப்பில் மேட்டின் நீளத்துக்கு ஷ்ரிம்ப் (இறாலைப் போல உடம்பை மடக்கி இடுப்பை நகர்த்துவது) செய்ய வைக்கிறார்களே, அது இதற்குத்தான். அதைச் சும்மா உடம்பைச் சூடாக்கும் வேலை என்று நினைத்து அரைகுறையாகச் செய்பவர்களுக்கு அது கைகொடுக்க வேண்டிய நேரத்தில் கைகொடுக்காது.

இன்னொன்று, எடையைத் தாங்க முடியாமல் குப்புறத் திரும்பி முதுகைக் காட்டிவிடுவது. கொஞ்சம் நிம்மதியாக இருப்பது போல இருக்கும். அடுத்த நொடி முதுகில் ஒருவர் தொற்றிக்கொள்வார், கழுத்தைச் சுற்றிக் கை வரும். போட்டியில் முதுகைப் பிடிப்பதற்கு மவுண்டுக்குச் சமமாக 4 புள்ளி கொடுப்பது காரணம் இல்லாமல் இல்லை.

விழும்போது கையை ஊன்றுவதும் இந்த வகைதான். யாராவது நம்மைப் புரட்டினால் உடம்பு தானாகவே கையைப் பின்னால் நீட்டித் தரையைத் தேடுகிறது. முழு எடையும் ஒரு முழங்கையில் இறங்கினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகை வளைத்து உருண்டு விழப் பழக வேண்டும். புரட்டப்படுவதில் இழப்பது 2 புள்ளி, அதுவும் போட்டியாக இருந்தால்.

எதிராளியின் ஒற்றை விரலைப் பிடித்து முறுக்குவது, காலால் இடுப்பைப் பின்னிக்கொண்டவரைத் தூக்கித் தரையில் அறைவது, நின்றபடியே தாவிக் கார்டு போடுவது (எதிராளியின் இடுப்பைக் கால்களால் பின்னிக்கொள்வது) ஆகிய மூன்றும் வெள்ளை பெல்ட்காரருக்கு வேண்டவே வேண்டாம். போட்டி விதிகளும் அவருக்கு இவற்றைத் தடுக்கின்றன. நேற்றிரவு யூடியூபில் பார்த்த பிடியை இன்று ரோலிங்கில் செய்து பார்ப்பதையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பேன்.

யாரோடு உருள்வது

மூத்த பெல்ட்காரர்களைக் கண்டு ஒதுங்கி, 'நாம் இரண்டு பேரும் புதுசுதானே' என்று இன்னொரு வெள்ளை பெல்ட்காரரைத் தேடிப் போவது வழக்கம். எனக்கு இது தலைகீழாகத் தோன்றுகிறது. தன் பலத்தை அளக்கத் தெரியாத இருவர், இருவருக்கும் பயம், இருவருக்கும் தோற்க மனமில்லை. முழங்கால் பல்லில் படுவதும் முழங்கை கண்ணில் படுவதும் இங்கேதான். பர்ப்பிளோ பிரௌனோ அணிந்தவர் உங்களைப் பத்து முறை தட்ட வைப்பார், ஆனால் ஒரு கீறல் இல்லாமல் வீட்டுக்கு அனுப்புவார். தயங்காமல் போய்க் கேளுங்கள். 'நான் புதுசு, மெதுவாகப் போகலாமா?' என்ற ஒரு வரி போதும்.

மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. எடை வித்தியாசம் அதிகமா, அவர் முரட்டுத்தனமாக ஆடுகிறாரா, உங்களுக்கு முழங்காலில் பழைய காயமா, 'இந்தச் சுற்று வேண்டாம்' என்று சொல்லலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. நல்ல வகுப்பில் யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பழைய காயம், ரத்த அழுத்தம், கர்ப்பம் போன்றவற்றைக் கோச்சிடம் வகுப்பு தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். கூச்சத்தில் மறைப்பவர்கள் பாதி வகுப்பில் நொண்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

ட்ரில் நேரத்தில் பக்கத்தில் இருப்பவருக்குப் பாடம் எடுப்பது, கோச் ஒரு பிடியைக் காட்டி முடிப்பதற்குள் 'அவர் இப்படிச் செய்தால்?' என்று கேட்பது, இவையும் வேண்டாம். காட்டியதை இருபது முறை செய்து பாருங்கள். பாதிக் கேள்விகள் தாமாகவே போய்விடும்.

தோல், நகம், துணி

இதை எழுதக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். தொடங்கிய முதல் வருடத்தில் முன்கையில் சின்னதாக ஒரு சிவப்பு வட்டம் வந்தது. உராய்வு என்று நினைத்து இரண்டு வகுப்புகளுக்குப் போனேன். அது படர்தாமரை. அடுத்த வாரம் என்னோடு பழகியவர்களில் இருவருக்கு அதே வட்டம் வந்தது. அவர்களில் ஒருவர் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்; அந்தப் போட்டியை விட்டுவிட்டார். என்மேல் அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

தோலும் தோலும் உரசும் கலை இது. படர்தாமரை மட்டுமல்ல, இம்பெடிகோ, ஸ்டாஃப், ஹெர்பிஸ் போன்ற தோல் தொற்றுகள் எல்லாம் இப்படித்தான் பரவும். உடம்பில் எந்தப் புது வட்டமோ கொப்புளமோ சீழ்க்கட்டியோ வந்தாலும் மருத்துவரிடம் காட்டி, அவர் போகலாம் என்று சொல்லும் வரை வீட்டிலேயே இருங்கள். மேலே கட்டுப் போட்டு மறைத்துக்கொண்டு போவது மற்றவர்களுக்குச் செய்யும் துரோகம் என்றே நினைக்கிறேன்.

கி-யை ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் துவைக்க வேண்டும். 'இன்றைக்கு அவ்வளவாக வியர்க்கவில்லை' என்று மறுநாளும் அதையே போடக் கூடாது. பெல்ட்டையும் துவைக்க வேண்டும். துவைத்தால் அதில் சேர்ந்த உழைப்பு போய்விடும் என்று சிலர் நம்புகிறார்கள், போவது அழுக்கு மட்டும்தான். கை, கால் நகங்களை ஒட்ட வெட்டுங்கள். மோதிரம், தோடு, சங்கிலி, மூக்குத்தி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ஜிப், பாக்கெட் உள்ள கால்சட்டையில் அடுத்தவர் விரல் மாட்டி ஒடியும். மேட்டில் செருப்போடு ஏறக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். வெறுங்காலோடு கழிப்பறைக்குப் போய்விட்டு அதே காலோடு மேட்டுக்குத் திரும்பக் கூடாது என்பது பலருக்குத் தெரியவில்லை. முடிந்ததும் முதல் வேலையாகக் குளித்துவிடுங்கள்.

காது வீங்கி, தொட்டால் மெத்தென்று இருந்தால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது. ஓரிரு நாளுக்குள் மருத்துவரிடம் காட்டி எடுத்துவிட்டால் காது பழையபடி ஆகலாம். விட்டுவிட்டால் இறுகி, காலிஃபிளவர் போலச் சுருங்கிவிடும். அதைப் பெருமையாக நினைத்து விட்டுவைப்பவர்கள் உண்டு. அது அவரவர் விருப்பம், ஆனால் தெரிந்து எடுத்த முடிவாக இருக்கட்டும்.

முதல் மாதத்தின் அவசரம்

ஆர்வத்தில் முதல் வாரமே ஐந்து நாள் போகிறார்கள். மூன்றாவது வாரம் விலா எலும்பு பிடித்துக்கொள்கிறது, ஐந்தாவது வாரம் ஆளையே காணோம். வாரத்துக்கு இரண்டு நாள், தாங்கினால் மூன்று நாள், ஒரு வருடம் விடாமல் வருபவர் அவர்களைத் தாண்டிப் போய்விடுகிறார். நீல பெல்ட் வாங்கியபின் பர்ப்பிளுக்குப் போகப் பெரியவர்கள் குறைந்தது 2 வருடம் அதிலேயே இருக்க வேண்டும் என்று ஐபிஜேஜேஎஃப் விதி சொல்கிறது. கறுப்பு பெல்ட் வரை போகப் பத்து வருடம் ஆவது சாதாரணம். அப்படி இருக்கும்போது முதல் மாதத்தில் யார் யாரைத் தட்ட வைத்தார்கள் என்று கணக்கு வைப்பதில் என்ன இருக்கிறது?

வேறொரு கணக்கு வைக்கலாம். ஒவ்வொரு முறை தட்டிய பிறகும், மறுபடி கைதட்டிச் சுற்றைத் தொடங்கும் முன், 'எங்கே விட்டேன்?' என்று அவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் பிடி விழுந்த இடத்தைச் சொல்ல மாட்டார். அதற்கு மூன்று அசைவு முன்னால், நீங்கள் முழங்கையை விலாவிலிருந்து விலக்கிய இடத்தைச் சொல்வார். அதை வீட்டுக்குப் போனதும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள், கி ஊறிக்கொண்டிருக்கும் நேரத்தில்.